வீட்டு நாய்க்கு வயது, தெரு நாய்க்கு எண்ணிக்கை

நாய்க்குக் கருத்தடை செய்யலாமா, கூடாதா என்ற கேள்வி இப்போது இரண்டு இடங்களில் எழுகிறது. ஒன்று கால்நடை மருத்துவமனை. ‘ஒரு ஈத்தாவது குட்டி போடட்டும் டாக்டர், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வளர்ப்பவர் இழுக்கிற இடம். மற்றொன்று மாமன்றம், நீதிமன்றம், தொலைக்காட்சி விவாதம். தெரு நாயைக் கண்டாலே பயப்படுகிறவரும் அதற்குத் தினமும் சோறு வைக்கிறவரும் அங்கே மோதிக்கொள்கிறார்கள். இரண்டு இடத்திலும் பேசப்படுவது ஒரே அறுவை சிகிச்சைதான். ஆணுக்கு விரையை எடுக்கிறார்கள். பெண்ணுக்குச் சினைப்பையை, பெரும்பாலும் கருப்பையோடு சேர்த்து, எடுக்கிறார்கள். ஆனால் அதன் நன்மை தீமையைக் கணக்குப் பார்க்கும் முறை இரண்டுக்கும் வேறு. வீட்டு நாய்க்குப் பார்க்க வேண்டியது அந்த ஓர் உடம்புக்கு என்ன ஆகும் என்பது. தெரு நாய்க்கு அந்த வட்டாரத்தின் மொத்தக் கூட்டத்துக்கு என்ன ஆகும் என்பது. நாம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் கருத்தடை வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் வீட்டு நாய்க்கு ‘எந்த வயதில்’ என்று கேட்காமலும், தெரு நாய்க்கு ‘நூற்றுக்கு எத்தனை’ என்று கேட்காமலும் செய்கிற கருத்தடை, பாதி வேலைகூட இல்லை.

முதலில் வீட்டுப் பெட்டை நாய். கருத்தடையின் பக்கம் இருக்கும் சான்றுகளில் மிக வலுவானது அதனிடம்தான் இருக்கிறது. சினைப்பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, நடுவயதைத் தாண்டிய பெட்டை திடீரென்று தீனியைத் தொடாது. தண்ணீரை மட்டும் ஓயாமல் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். கூப்பிட்டால் எழுந்து வராது. பின்புறம் சீழ் வடிந்தால் வீட்டார் பதறிப்போய் மருத்துவரிடம் தூக்கிச் செல்வார்கள். வடியாவிட்டால்தான் ஆபத்து அதிகம். கருப்பை வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தேங்கும், வயிறு உப்பும், நஞ்சு ரத்தத்தில் கலக்கும். பயோமெட்ரா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நாய் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஒவ்வொரு சினைப்பருவத்துக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் சுரப்பு உயர்ந்தே இருக்கும். அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைத்துக் கிருமிக்கு இடம் பண்ணிக்கொடுக்கிறது. ஸ்வீடனில் கருத்தடை வழக்கம் குறைவு. அங்கே செல்லப் பிராணிகளின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பத்து வயதுக்குள் பெட்டை நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் வருவதைக் கண்டார்கள். வந்தபின் வைத்தியம் என்ன? பெரும்பாலும் அதே அறுவை சிகிச்சைதான். நல்ல உடம்போடு இருக்கும்போது அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியதை, காய்ச்சலும் நீர்ச்சத்து இழப்புமாகக் கிடக்கும் கிழட்டு நாய்க்கு நள்ளிரவில் செய்ய நேர்கிறது.

மார்பகக் கட்டி விஷயத்தில் சான்று அவ்வளவு உறுதியானதல்ல. முதல் சினைப்பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து, செய்யாத நாயோடு ஒப்பிட 0.5 சதவீதமாகக் குறையும். முதல் பருவத்துக்குப் பிறகு செய்தால் 8, இரண்டாவதுக்குப் பிறகு 26 சதவீதம் என்ற எண்களை உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் ஒப்பிப்பார்கள். அவை 1969இல் வெளியான ஒரே ஆய்விலிருந்து வந்தவை. 2012இல் இது தொடர்பான ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துச் சலித்துப் பார்த்தவர்கள், பயன் இருக்கலாம், ஆனால் சான்று பலவீனமானது என்றே முடித்தார்கள். நன்மை உண்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்களைக் காட்டி ஆறு மாதக் குட்டியை அவசரமாக மேசையில் ஏற்ற வேண்டியதில்லை.

ஏனென்றால் அவசரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. பால் சுரப்பிகளையும் இனப்பெருக்கத்தையும் மட்டும் ஆளுகிறவை அல்ல இந்த ஹார்மோன்கள். எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு எப்போது மூட வேண்டும் என்பதையும் அவைதான் தீர்மானிக்கின்றன. சீக்கிரமே விரையையோ சினைப்பையையோ எடுத்துவிட்டால் கால் எலும்பு வளர வேண்டியதற்கு மேல் கொஞ்சம் வளர்ந்துவிடும். மூட்டுகளின் பொருத்தம் மாறும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2013இல் 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரு வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண் நாய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு இரட்டிப்பாக இருந்தது. அதே குழு 2020இல் 35 இனங்களைப் பார்த்தது. சிறிய இன நாய்களில் எந்த வயதில் செய்தாலும் மூட்டுக்கு ஆபத்து கூடவில்லை. பெரிய இனங்களில் பலவற்றுக்குக் கூடியது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயதை நெருங்கும்வரை காத்திருப்பதே நல்லது என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். இவற்றோடு வேறு சில பாதகங்களும் உண்டு. கருத்தடை செய்த பெட்டைகளில் ஒரு பகுதிக்குப் பிற்காலத்தில் சிறுநீர் தன்னையறியாமல் கசியும். சில வகைப் புற்றுநோய்கள் சில இனங்களில் அதிகரிக்கின்றன. ஆணுக்கு விரைப் புற்று வராது, புராஸ்டேட் வீங்காது. ஆனால் அரிதாக வரும் புராஸ்டேட் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. உடல் பருமன் எல்லோருக்கும் தெரிந்தது. அறுவைக்குப் பிறகு நாய்க்குத் தேவைப்படும் தீனி கால் பங்கு குறைகிறது. வீட்டில் போடும் சோற்றின் அளவு குறைவதில்லை. நாய் குண்டானதற்குக் கத்தியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது? அமெரிக்காவில் 1984 முதல் 2004 வரை கால்நடைப் போதனா மருத்துவமனைகளில் இறந்த 40,000க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தினர் அலசினார்கள். கருத்தடை செய்த பெட்டைகள் செய்யாதவற்றைவிட 26 சதவீதமும், ஆண்கள் 14 சதவீதமும் கூடுதலாக வாழ்ந்திருந்தன. கருத்தடை ஆன நாய்கள் புற்றுநோயால் அதிகம் இறந்தன. தொற்றாலும் விபத்தாலும் குறைவாக இறந்தன. நாய்க்குக் கருத்தடை செய்கிற வீடு பொதுவாகவே தடுப்பூசியும் போடும், கேட்டையும் மூடி வைக்கும்; ஆயுள் கூடியதில் அதன் பங்கும் இருக்கும். ஆனாலும் துணை தேடி மதில் தாண்டும் ஆண் நாய் லாரியில் அடிபடுவது எந்த ஊரிலும் புதிதல்ல. ஆகவே வீட்டுப் பெட்டைக்குக் கருத்தடை செய்வதே நல்லது. சிறிய இனத்துக்கும் நாட்டு நாய்க்கும் சீக்கிரம், பெரிய உடம்புக்காரருக்கு வளர்ச்சி முடிந்த பிறகு. ஆண் நாயைக் கட்டுக்குள் வைத்து வளர்க்கிற வீட்டில் அவசரமே இல்லை. ஒன்றை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது: கடிக்கிற நாய் கருத்தடைக்குப் பின் சாதுவாகிவிடும் என்பதை. ஊர் சுற்றுவதும், கண்ட இடத்தில் காலைத் தூக்குவதும், மற்ற ஆண் நாயோடு சண்டைக்குப் போவதும் குறையும். பயத்தால் கடிக்கும் நாய் அறுவைக்குப் பிறகும் கடிக்கும்; சில நாய்களுக்குப் பயம் கூடவும் செய்யலாம்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. நார்வேயில் மருத்துவக் காரணமில்லாமல் வழக்கமாக நாய்க்குக் கருத்தடை செய்வதைச் சட்டம் ஏற்பதில்லை. ஆரோக்கியமான உறுப்பை வெட்டியெடுப்பது விலங்குக்குச் செய்யும் தீங்கு என்பது அவர்கள் நிலை. அப்படியும் அங்கே தெருவில் நாய்க்கூட்டம் இல்லை. இதைக் காட்டி, கருத்தடையே மனிதனின் சோம்பேறித்தனத்துக்கு நாய் கொடுக்கும் விலை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நார்வேயில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் கையில் ஒரு வார் இருக்கிறது, சினைப்பருவத்தில் பெட்டையை மூன்று வாரம் கண்காணிக்க அவருக்கு நேரம் இருக்கிறது. நம் ஊரில் காலையில் கேட்டைத் திறந்து ‘ஒரு சுற்று போய்ட்டு வா’ என்று அனுப்பிவைக்கிற வளர்ப்பு நாய்கள் எத்தனை? நார்வேயின் நெறியைப் பின்பற்ற முடிகிற வீடு தாராளமாகப் பின்பற்றட்டும். தெருவில் பிறந்து தெருவிலேயே வாழும் நாய்க்கு அந்த வாய்ப்பே இல்லை. அதன் கணக்கு வேறு.

அந்தக் கணக்கை முதலில் போட முயன்ற ஊர்களில் சென்னையும் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1860 வாக்கில் தொடங்கி நூறாண்டுக்கு மேல் சென்னை நகராட்சி தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964லிருந்து கருத்தடையையும் தடுப்பூசியையும் மாற்றாக முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல்தான். அந்தக் காலகட்டத்தில் நாளொன்றுக்கு 135 நாய்கள்வரை கொல்லப்பட்டதாக அந்த அமைப்பின் பதிவு சொல்கிறது. இவ்வளவு கொன்றும் நாய் குறையவில்லை என்பதுதான் கொலையை நிறுத்தச் சொன்னவர்களின் முதன்மையான வாதமாக இருந்தது. கருணை அதற்கு அடுத்தபடிதான். ஊற்றுள்ள கிணற்றை இறைத்து வற்றவைக்கிற வேலை அது. தெருவில் கிடைக்கும் உணவு, அங்கே எத்தனை நாய் பிழைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பத்தைக் கொன்றால் மிச்சமுள்ள பெட்டைகளின் குட்டிகளுக்கு உணவும் இடமும் கூடுதலாகக் கிடைத்து, வழக்கத்தைவிட அதிகம் பிழைக்கின்றன. 2001இல் மத்திய அரசின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சிறிய வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதே இரண்டின் சாரமும்.

ஆனால் கொலைக்குப் பொருந்திய அதே தர்க்கம் அரைகுறைக் கருத்தடைக்கும் பொருந்தும். இதைத்தான் கருத்தடைக்காகப் பேசுகிறவர்கள் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். மேற்கு வங்கத்தில் தெரு நாய்க்குட்டிகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்த கொல்கத்தா ஆய்வாளர்கள், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதமே என்று கண்டார்கள். ஓர் ஈத்தில் ஐந்து குட்டி என்றால் பிழைப்பது ஏறத்தாழ ஒன்று. மற்றவை வண்டியிலும் நோயிலும் பசியிலும் போகின்றன. (ஒரு ஜோடி நாய் சில ஆண்டுகளில் பல்லாயிரமாகப் பெருகும் என்று சுவரொட்டிகளில் போடும் கணக்கு, எல்லாக் குட்டியும் பிழைக்கும் என்ற கற்பனையில் போட்டது.) இப்போது ஒரு தெருவில் பத்துப் பெட்டைகளில் மூன்றுக்குக் கருத்தடை செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும் குட்டி முப்பது சதவீதம் குறையும். ஆனால் போட்டி குறைந்ததால் ஐந்தில் ஒன்றுக்குப் பதிலாக ஐந்தில் ஒன்றரை பிழைத்தால், வளரும் நாய்களின் எண்ணிக்கை பழையபடி ஆகிவிடும். மூன்று அறுவைக்குச் செலவழித்த பணம் போன இடம் தெரியாது. ஒரு வட்டாரத்தில் ஏறத்தாழ 70 சதவீத நாய்களுக்கு, அதுவும் குறுகிய காலத்துக்குள், செய்ய வேண்டும் என்று துறையினர் வலியுறுத்துவது இதனால்தான். ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை நகரின் ஒரு பகுதியில் பெட்டைகளைக் குறிவைத்து வேலை செய்தார்கள். 65 சதவீதப் பெட்டைகளுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆனபோது நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. அந்தப் பகுதியில் மனிதருக்கு ரேபிஸ் வருவது நின்றது. பூடான் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021இல் நாடு தழுவிய வேகத் திட்டம் போட்டு, 2023 அக்டோபரில் தெரு நாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடிந்ததாக அறிவித்தது. சிறிய நாடுதான், ஆனால் மலைநாடு. நாய் பிடிக்க அங்கே ஏற வேண்டிய மேடுகள் நம் அண்ணா நகரில் இல்லை.

சென்னை மாநகராட்சியின் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் இருப்பதும், அவற்றில் கருத்தடை ஆனவை ஏறக்குறைய 27 சதவீதமே என்பதும் தெரிந்தது. கொலையை நிறுத்திக் கருத்தடையைத் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டு கழித்து வந்த எண் இது. எழுபதைத் தொட இன்னும் 77,000 நாய்களுக்கு மேல் செய்தாக வேண்டும். ஆண்டுக்கு 20,000 என்று வைத்தாலும், ஒரு குட்டிகூடப் புதிதாகப் பிறக்காது என்று வைத்தாலும், நான்கு ஆண்டு. உண்மையில் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே கருத்தடை ஆனவை இறந்துகொண்டே இருக்கும். நகரம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக, புகார் வந்த தெருவுக்கு வண்டி அனுப்பிச் செய்கிற வரை இந்தக் கணக்கு நேராகாது. ஒரு மண்டலத்தை எடுத்து, பெட்டைகளை முதலில் பிடித்து, எழுபதைத் தாண்டிய பின்பே அடுத்த மண்டலத்துக்குப் போக வேண்டும். இதனால் அரசியல் சங்கடம் வரும், தெரியும். ‘எங்கள் வார்டுக்கு எப்போது’ என்று கேட்கும் உறுப்பினருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் இருநூறு வார்டுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தால் இருநூறிலும் பலன் கிடையாது.

‘கருத்தடை செய்த நாய் கடிக்காதா?’ என்று கேட்கிறார்கள். கடிக்கும். அறுவை பல்லைப் பிடுங்குவதில்லை. தமிழகத்தில் 2024இல் 4.8 லட்சம் நாய்க்கடிகளும் 43 ரேபிஸ் மரணங்களும் பதிவாயின. இந்த எண்களை வைத்துக்கொண்டு இன்னும் பத்தாண்டில் நாய் குறையும், பொறுங்கள் என்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாயிடம் சொல்ல முடியாது. ஆனால் கடியையும் ரேபிஸையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரேபிஸைத் தடுப்பது ஊசி. அறுவையின்போது ஒருமுறை போட்டதோடு விட்டுவிட்டால் அதன் பலமும் போய்விடும். மறுபடி மறுபடி போட வேண்டும். கோவா மாநிலம் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்டே 2021இல் ரேபிஸ் கட்டுப்பட்ட மாநிலம் என்ற நிலையை அடைந்தது. கருத்தடையின் வேலை அதை எளிதாக்குவது. நாய்க்கூட்டத்தில் ஆண்டுக்காண்டு புதுக்குட்டிகள் சேர்ந்துகொண்டே இருந்தால் ஊசி போடாத நாய்களின் பங்கு ஏறிக்கொண்டே போகும். கடியும் குறையவே செய்கிறது. குட்டி போட்ட பெட்டை, பக்கத்தில் வருகிற சைக்கிள்காரரையும் பள்ளிப் பிள்ளையையும் பாய்ந்து கடிப்பது எல்லாத் தெருவிலும் தெரிந்த விஷயம். குட்டி இல்லையென்றால் அந்தக் காவலும் இல்லை. ஜெய்ப்பூரில் கருத்தடைத் திட்டம் நடந்த காலத்தில் நாய்க்கடி குறைந்ததை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. தவறாமல் கடிக்கிற நாயை, ரேபிஸ் சந்தேகமுள்ள நாயைத் திரும்ப விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றமும் அதற்கு விலக்கு வைத்திருக்கிறது.

மொத்தமாகப் பிடித்துக் காப்பகத்தில் அடைத்துவிட்டால் என்ன என்பது அடுத்த வாதம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு டெல்லி வட்டாரத்துக்கு அப்படித்தான் உத்தரவிட்டது. பதினொரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. இந்த மூன்றில் கடைசி உத்தரவின் நோக்கத்தில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனை வராந்தா நாய்க்கு உரிய இடமல்ல. ஆனால் ஊருக்கே காப்பகம் என்பது கணக்கில் நிற்காது. 1.8 லட்சம் நாய்க்குக் கூண்டு, தினமும் தீனி, மருத்துவர், கழிவு அகற்ற ஆள் வேண்டும். நெருக்கடியான கூண்டில் டிஸ்டெம்பர், பார்வோ போன்ற தொற்றுநோய்கள் நுழைந்தால் நாய்கள் வரிசையாகச் சாகும். இதற்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக் கருத்தடைக்குக் கொடுத்தால் சென்னைக்கு எழுபது சதவீதம் எட்டாத தூரமல்ல.

கருத்தடைத் திட்டத்தின் உண்மையான தீமை ஆய்வுத்தாளில் இல்லை, அறுவைக்கூடத்தில் இருக்கிறது. ஒரே நாளில் முப்பது நாற்பது என்று எண்ணிக்கைக்காக ஓட்டும் இடத்தில் கருவியை ஒழுங்காகக் கிருமிநீக்கம் செய்ய நேரம் இருக்காது. மயக்கம் தெளியாத நாய் ஈரச் சிமெண்ட் தரையில் கிடக்கும். தையல் பிரிந்து குடல் வெளியே வந்தால் அந்த நாய் யாருடைய பதிவேட்டிலும் வராது. நான்கு நாளாவது கூண்டில் வைத்துக் கவனித்து, காயம் ஆறியதைப் பார்த்த பிறகே விட வேண்டும். ‘ஒரு நாய்க்கு இவ்வளவு’ என்று ஒப்பந்தம் போட்டால் ஒப்பந்ததாரர் அந்த நாள்களைச் சுருக்கத்தான் பார்ப்பார். பலவீனமான நாயை, பால் கொடுக்கும் பெட்டையை, ஆறு மாதம் ஆகாத குட்டியைப் பிடித்துவந்து எண்ணிக்கை காட்டுவதும் இதன் விளைவே. விதி இவற்றைத் தடுக்கிறது. அதைப் பார்க்க ஆள் வேண்டும். இறந்த நாய்களின் எண்ணிக்கையை மையவாரியாக வெளியிட்டால் பாதி ஒழுங்கு தானாக வரும்.

நாட்டு இனங்கள் அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவை தெருவில் தாமாகப் பெருகி நிலைத்தவை அல்ல. தேர்ந்து இணைத்து வளர்த்தவர்களால் நிலைத்தவை. சைதாப்பேட்டையில் அரசே முன்பு நாட்டு நாய்களுக்கு இனப்பெருக்கப் பிரிவு நடத்திவந்தது. முறையாக வளர்ப்பவரைக் கருத்தடை வற்புறுத்தலிலிருந்து விலக்கிவிட்டால் போதும். அவர்களுக்கும் விதி உண்டு. 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது, பெட்டைக்கு ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. பிரச்சினை இவர்களிடம் இல்லை. ஆசைக்கு ஓர் ஈத்து போடவிட்டு, ஆறு குட்டியில் மூன்றுக்கு ஆள் கிடைக்காமல், மிச்சத்தை இரவில் அட்டைப்பெட்டியில் வைத்துக் கோயில் வாசலில் விட்டுவரும் வீட்டிடம் இருக்கிறது. அந்தக் குட்டிகளில் பிழைத்தது அடுத்த ஆண்டு தெரு நாய்க் கணக்கில் சேரும், மாநகராட்சி செலவில் பிடிபடும்.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் கருத்தடை ஆனதா என்ற வரியையும் சேர்த்து, ஆகாத நாய்க்கு உரிமக் கட்டணத்தைப் பல மடங்கு வைக்கலாம். அமெரிக்காவின் பல நகரங்களில் இது பழைய நடைமுறை. பெரிய இனத்துக்கு இரண்டு வயதுவரை குறைந்த கட்டணத்தையே வாங்கலாம். அவசரப்பட்டு மூட்டைக் கெடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. பதிவு பெற்ற வளர்ப்பவருக்குத் தனிக் கட்டணம். வசதியில்லாத வீட்டுக்கு மாநகராட்சி மையத்திலேயே இலவச அறுவை. கூடுதலாக வசூலாகும் பணத்தை அப்படியே தெருப் பெட்டைகளின் கருத்தடைக்கு ஒதுக்கி, எந்த வார்டில் எத்தனை சதவீதம் முடிந்தது என்பதை மாதாமாதம் வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும்.